1 சதவீதம், 2, 3.1, அப்புறம் பூஜ்யம்: சிறுகோள் கணக்கு ஏன் ஏறி இறங்கியது?

2032 டிசம்பர் 22 அன்று பூமி மீது ஒரு சிறுகோள் மோதலாம். 2025 ஜனவரி இறுதியில் உலகம் முழுக்கப் பரவிய செய்தி இது. முதலில் அதற்கான வாய்ப்பு 1 சதவீதம் என்றார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் அது 2-ஐத் தாண்டியது. பிப்ரவரி 18 அன்று நாசாவின் கணக்கு 3.1 சதவீதத்தைத் தொட்டது. நவீனக் கண்காணிப்பு தொடங்கிய பிறகு, இந்த அளவுள்ள ஒரு விண்பாறைக்குக் கிடைத்த மிக உயர்ந்த எண் அதுதான். மறுநாள் 1.5. அதற்கு அடுத்த நாள் 0.28. பிப்ரவரி 24 அன்று 0.004. கதை முடிந்தது.

ஒரே மாதத்துக்குள் இப்படி ஏறி இறங்கியதைப் பார்த்த பலருக்கும் எழுந்த சந்தேகம் நியாயமானது. விஞ்ஞானிகளுக்கே சரியாகத் தெரியவில்லையா? முதலில் பயமுறுத்திவிட்டு, பிறகு மழுப்புகிறார்களா? இரண்டும் இல்லை. அந்த எண் எப்படி ஏறி இறங்க வேண்டுமோ, அப்படித்தான் ஏறி இறங்கியது. இதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது தூக்கம் கெடாது. அடுத்த முறை என்பது கண்டிப்பாக வரும்.

அந்தச் சிறுகோளின் பெயர் 2024 ஒய்ஆர்4. பார்க்க வண்டி நம்பர் போல இருந்தாலும் இது ஒரு பிறப்புச் சான்றிதழ். ஆண்டை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆங்கில எழுத்து தருகிறார்கள். ‘ஒய்’ என்றால் டிசம்பரின் பிற்பாதி. ‘ஆர்4’ என்பது அந்த இரண்டு வாரத்தில் பதிவான 117-வது பொருள் என்று அர்த்தம். சிலி நாட்டின் ரியோ ஹுர்டாடோ என்ற இடத்தில் உள்ள ‘அட்லஸ்’ தொலைநோக்கி, டிசம்பர் 27 அன்று இதைக் கண்டுபிடித்தது. இதில் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. அது பூமிக்கு மிக அருகே வந்தது டிசம்பர் 25. சுமார் 8.3 லட்சம் கி.மீ. தூரத்தில் நம்மைக் கடந்து, இரண்டு நாள் ஆன பிறகுதான் அது கண்ணில் பட்டது. அதாவது, வந்தவரை அல்ல, போனவரைத்தான் பார்த்தோம்.

தெருவுக்குள் புகுந்த பாம்பு

ஒரு தெருவில் 100 வீடுகள். ஏதோ ஒரு வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்டது. எந்த வீடு என்று தெரியவில்லை. உங்கள் வீட்டில் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? நூற்றில் ஒன்று, 1 சதவீதம். தீயணைப்புத் துறையினர் வந்து வீடு வீடாகத் தேடுகிறார்கள். 68 வீடுகளில் பாம்பு இல்லை. உங்கள் வீடு இன்னும் சோதிக்கப்படவில்லை. இப்போது மீதி 32 வீடுகள். உங்கள் வீட்டில் இருக்கும் வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. கணக்குப் போட்டால் 3.1 சதவீதம்.

பாம்பு உங்கள் வீட்டை நோக்கி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அது முதலில் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. தேடுபவர்களின் அறிவு கூடியது, அதனால் எண்ணும் கூடியது. அவ்வளவுதான். அடுத்த சில நிமிடத்தில் தெருக்கோடி வீட்டுக் கொல்லையில் பாம்பின் தடம் தெரிந்தால், உங்கள் எண் அப்படியே தரைக்கு வந்துவிடும். கடைசி வரை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழுவதுதான் இந்தக் கணக்கின் இயல்பு. நிஜமாகவே உங்கள் வீட்டில்தான் இருந்தது என்றால் மட்டும் அது விழாமல் 100 வரை போகும்.

சிறுகோள் விஷயத்தில் ‘தெரு’ என்பது விண்வெளியில் நீளும் ஒரு கோடு. சில வாரம் மட்டுமே பார்த்த ஒரு பொருளின் பாதையை எட்டு ஆண்டுக்கு முன்னோக்கி நீட்டினால், அதன் வேகத்தில் உள்ள நுண்ணிய பிழையும் பெருகிப் பெருகி லட்சக்கணக்கான கி.மீ. ஆகிவிடும். 2032 டிசம்பர் 22 அன்று ஒய்ஆர்4 அந்த நீண்ட கோட்டில் எங்காவது இருக்கும். பூமியும் அந்தக் கோட்டின் மேல் இருந்தது. ஒவ்வொரு இரவும் புதிய அளவீடு வர வரக் கோடு சுருங்கியது. பூமி அதற்குள்ளேயே இருந்த வரை எண் ஏறியது. பிப்ரவரி நடுவில் பௌர்ணமி வெளிச்சத்தால் சில நாள் பார்க்க முடியாமல் போய், நிலவு தேய்ந்த பிறகு மீண்டும் பார்த்தபோது, கோடு பூமியைவிட்டு விலகிச் சுருங்கிவிட்டது.

அந்தக் கோடு அகலம் குறைவானது என்பதால் இன்னொரு விளைவும் இருந்தது. ஒருவேளை மோதினால் எங்கே மோதும் என்பதற்கு ஒரு மெல்லிய பட்டை மட்டும் கிடைத்தது. பசிபிக்கின் கிழக்குப் பகுதி, தென் அமெரிக்காவின் வடக்கு, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக் கடல், தெற்காசியா. பட்டியலில் தெற்காசியா இருந்ததால் நம்மூரிலும் பரபரப்புக்குக் குறைவில்லை. பட்டை என்பது ‘இங்கெல்லாம் மோதும்’ என்பதல்ல. ‘மோதினால் இந்த வழியில் ஏதோ ஒரு புள்ளி’ என்பதுதான். பல செய்திகளில் இந்த ‘மோதினால்’ என்ற சொல்தான் முதலில் காணாமல் போனது.

பயப்பட அதில் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. பின்னர் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அளந்தபோது அதன் குறுக்களவு சுமார் 60 மீட்டர் எனத் தெரிந்தது. இருபது மாடிக் கட்டிடம் ஒன்றின் உயரம். நாசா மதிப்பிட்ட மோதல் ஆற்றல் கிட்டத்தட்ட 8 மெகாடன் டிஎன்டி. ஹிரோஷிமா குண்டைப் போல 500 மடங்கு. உலகம் அழியாது. ஆனால் ஒரு மாநகரம் தாங்காது. இதனால்தான் 10 வரை செல்லும் டொரினோ அளவுகோலில் இது 3-வது மட்டத்துக்கு ஏற்றப்பட்டது. ஐ.நா. ஒப்புதலோடு இயங்கும் சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு ஜனவரி 29 அன்று முறைப்படி அறிவிப்பு கொடுத்தது. 1 சதவீதத்தைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும் என்பது விதி. மறைத்து வைத்துக்கொண்டு பிறகு சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு சின்னப் பின்குறிப்பு. பூமி தப்பினாலும், அதே நாளில் நிலவில் மோதும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம் என்று 2025 மே மாத அளவீடுகள் காட்டின. பாம்புக் கதை அங்கேயும் அப்படியே பொருந்தும்.

2004 டிசம்பரில் நடந்த இன்னொன்று

2004 டிசம்பர் 26 அன்று தமிழகக் கடற்கரையில் என்ன நடந்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதே சில நாட்களில் வானியலாளர்கள் வேறொரு கணக்கைக் கையில் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக் ஆய்வகத்தில் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு தொலைந்துபோனது. டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மறுபடி பார்த்தார்கள். 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியில் மோதலாம் என்று கணினிகள் சொல்லின. வாய்ப்பு நாளுக்கு நாள் ஏறி, டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதத்துக்கு வந்தது. டொரினோ அளவுகோலில் 4. அதற்கு முன்னும் பின்னும் எந்தச் சிறுகோளும் 4-ஐத் தொட்டதில்லை. இது 60 மீட்டர் பாறையும் அல்ல. 300 மீட்டருக்கு மேல் குறுக்களவு கொண்டது. வேறொரு டிசம்பராக இருந்திருந்தால் எல்லா நாளிதழ்களின் முதல் பக்கத்திலும் வந்திருக்கும். சுனாமியின் சடலங்களை எண்ணிக்கொண்டிருந்த உலகத்துக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

அதே 27-ம் தேதியே பதிலும் கிடைத்தது. சிசிடிவி பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதைப் போல, ‘ஸ்பேஸ்வாட்ச்’ திட்டத்தின் பழைய படங்களைத் தேடினார்கள். மார்ச் மாதம் எடுத்த படத்தில் அந்தச் சிறுகோள் மங்கலாக இருந்தது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஒன்பது மாதப் பழைய அந்த ஒற்றைப் புள்ளி பாதையின் நீளத்தைக் கூட்ட, 2029 மோதல் பட்டியலிலிருந்தே நீங்கியது. அந்தச் சிறுகோளுக்கு இப்போது அபோஃபிஸ் என்று பெயர். 2021 மார்ச்சில் ரேடார் மூலம் அளந்த பிறகு, குறைந்தது இன்னும் 100 ஆண்டுகளுக்கு அதனால் ஆபத்தில்லை என்று நாசா அறிவித்தது.

சூரியன் மறைத்த கல்

இதுவரை சொன்னது கண்ணில் பட்ட கற்களின் கதை. உண்மையில் அடி விழுந்தது கண்ணில் படாத ஒன்றால்.

2013 பிப்ரவரி 15, காலை 9.20 மணி. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் மக்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று இரவு 2012 டிஏ14 என்ற வேறொரு சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 27,700 கி.மீ. தூரத்தில் கடக்கப்போவதை உலகின் தொலைநோக்கிகள் எல்லாம் எதிர்பார்த்திருந்தன. அதற்குச் சம்பந்தமே இல்லாத, சுமார் 20 மீட்டர் அகலமுள்ள ஒரு பாறை, வினாடிக்கு 19 கி.மீ. வேகத்தில் சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. பகல் வெளிச்சத்துக்குள் இருந்து வரும் கல்லைத் தரையில் இருக்கும் எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாது.

அது தரையில் விழவில்லை. அவ்வளவு வேகத்தில் வரும்போது எதிரே உள்ள காற்று விலக நேரமில்லாமல் சுவர் போல அழுந்துகிறது. பாறையின் முன்பக்கம் பயங்கர அழுத்தம், பின்பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பாறையின் வலு அதைத் தாங்காத நொடியில் அது நொறுங்குகிறது. நொறுங்கினால் பரப்பு கூடும், கூடிய பரப்பில் இன்னும் காற்று மோதும், இன்னும் நொறுங்கும். கண நேரத்தில் மொத்த வேகமும் வெப்பமாகவும் அதிர்வாகவும் மாறிவிடும். வெடிமருந்து எதுவுமில்லாமலே இது வெடிப்புதான். செல்யாபின்ஸ்கில் அது ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில் நடந்தது. ஆற்றல் சுமார் 440 கிலோடன்.

சூரியனைவிடப் பிரகாசமாக ஒரு ஒளி. சத்தமே இல்லை. மக்கள் என்ன செய்வார்கள்? ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒளி உடனே வந்துவிடும். அதிர்வலை ஒலியின் வேகத்தில்தான் வரும். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அது வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் இருந்தன. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். 7,000-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் சேதமடைந்தன. ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் வெளிச்சத்தைப் பார்த்ததும் 44 குழந்தைகளை மேசைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். குழந்தைகளுக்குக் கீறல்கூட இல்லை. நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் வெட்டுக் காயம். வானத்தில் கண்ணைக் கூசும் ஒளி தெரிந்தால் ஜன்னலைவிட்டு விலக வேண்டும் என்ற ஒரு வரிச் செய்தியை நம் பேரிடர் கையேடுகளிலும் சேர்ப்பதால் செலவு எதுவுமில்லை.

யாருமே இறக்கவில்லை என்பது உயரத்தின் புண்ணியம். 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்கா காட்டின் மேல் வெடித்தது இதைவிடப் பெரியது, இதைவிடத் தாழ்வாக. 2,000 சதுர கி.மீ.க்கும் மேற்பட்ட காடு சாய்ந்தது. மரங்கள் எல்லாம் ஒரு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் படுத்திருந்தன. மையத்தில் பள்ளம் இல்லை. அந்த நாள்தான் இப்போது சர்வதேசச் சிறுகோள் தினம்.

சூடான் ரயில் நிலையத்தில் ஒரு தேடல்

வரும் முன்பே கண்டுபிடித்த கதையும் உண்டு. 2008 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கேடலினா கண்காணிப்புத் திட்டத்தின் தொலைநோக்கியில் ஒரு புள்ளி தெரிந்தது. சுமார் 4 மீட்டர் அகலம். சில மணி நேரத்தில் தெளிவாகிவிட்டது: இது வாய்ப்பு அல்ல, நிச்சயம். சூடானின் நூபியப் பாலைவனத்தின் மேல், அடுத்த நாள் அதிகாலை. பார்த்ததிலிருந்து மோதும் வரை இருந்தது 20 மணி நேரத்துக்கும் குறைவு. அந்த அவகாசத்துக்குள் உலகின் பல இடங்களிலிருந்து நூற்றுக்கணக்கான அளவீடுகள் வந்து குவிந்தன. சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் அது எரிந்து வெடித்தது.

பிறகு நடந்ததுதான் அழகு. கார்ட்டூம் பல்கலைக்கழகப் பேராசிரியர் முவாவியா ஷத்தாத், வானியலாளர் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸ் இருவரும் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போனார்கள். வரிசையாகக் கைகோத்ததுபோல் நின்று மணலைப் பார்த்தபடியே நடந்தார்கள். நூற்றுக்கணக்கான கறுப்புத் துண்டுகள் கிடைத்தன. மொத்தம் சுமார் 10 கிலோ. விண்வெளியில் பார்த்த ஒரு சிறுகோளையே கையில் எடுத்துப் பார்த்தது அதுவே முதல் முறை. அருகில் இருந்த ரயில் நிலையத்தின் பெயர் ‘அல்மஹாத்தா சித்தா’. அரபியில் ‘ஆறாம் நிலையம்’. அந்தக் கற்களின் அறிவியல் பெயரும் அதுவேயாகிவிட்டது. அதையும் சேர்த்து இப்படி மோதலுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை பத்துக்கும் மேல். எல்லாமே சிறியவை, எல்லாமே சில மணி நேர அவகாசம்.

நுங்கம்பாக்கமும் காவலூரும்

இந்த வேட்டையில் தமிழகத்துக்கும் பழைய பங்கு உண்டு. 1861 ஏப்ரலில், இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் நுங்கம்பாக்கத்தில் அன்று இயங்கிய மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஏசியா’ என்றே பெயர். இங்கிருந்தபடியே அவர் இன்னும் சிலவற்றைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு நூறாண்டு இடைவெளி. 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்திலிருந்து ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. இவையெல்லாம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே தங்கள்பாட்டுக்குச் சுற்றும் சாதுவான ரகம். பூமிப் பக்கம் வருவதில்லை.

இந்தியா அடி வாங்கிய தடயமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி, 1.8 கி.மீ. விட்டமுள்ள பள்ளம். தக்காணத்தின் எரிமலைப் பாறையில் இருப்பதால் அதுவும் எரிமலை வாய்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். எரிமலையால் உருவாக்க முடியாத, கடும் அதிர்ச்சியில் கண்ணாடியாக மாறிய கனிமங்கள் 1970-களில் அங்கே அடையாளம் காணப்பட்ட பிறகே அது விண்கல் பள்ளம் என்று உறுதியானது.

டைனோசர்களை முடித்துவைத்த 10 கி.மீ. பாறை இந்தப் பட்டியலில் வேறொரு வகை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலுப் பகுதியில் விழுந்தது அது. 1 கி.மீ.க்கு மேல் உள்ள பூமி-அருகு சிறுகோள்களில் 95 சதவீதத்துக்கும் அதிகமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவற்றில் எதுவும் இந்த நூற்றாண்டில் நம்மை நோக்கி வரவில்லை. எனவே படங்களில் காட்டும் உலக அழிவை ஒதுக்கி வைத்துவிடலாம். கவலை 140 மீட்டர் ரகத்தில்தான். ஏறத்தாழ 25,000 இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கண்டுபிடித்தது இன்னும் பாதியைத் தொடவில்லை.

தள்ளிவிட முடியுமா?

முடியும் என்பதற்கு ஒரே ஒரு சோதனை இருக்கிறது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் ‘டார்ட்’ விண்கலம், 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது வேண்டுமென்றே மோதியது. விண்கலத்தின் எடை சுமார் 580 கிலோ, வேகம் வினாடிக்கு 6 கி.மீ.க்குச் சற்று மேல். டைமார்ஃபஸ் தன்னைவிடப் பெரிய டிடிமாஸ் என்ற சிறுகோளை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மோதலுக்குப் பிறகு அந்த நேரம் அரை மணிக்கும் மேல் குறைந்தது.

எதிர்பார்த்ததைவிட விளைவு அதிகம். காரணம், அது கெட்டிப் பாறை அல்ல. சல்லி கொட்டி வைத்ததுபோன்ற குவியல். மோதியதும் டன் கணக்கில் கற்கள் பின்னோக்கிச் சிதறின. ராக்கெட்டின் புகை ராக்கெட்டைத் தள்ளுவதுபோல, அந்தச் சிதறலும் சிறுகோளைத் தள்ளியது. ஆனாலும் மாறிய வேகம் வினாடிக்குச் சில மில்லிமீட்டர்தான். எறும்பு வேகம்.

அது போதும், அவகாசம் இருந்தால். வினாடிக்கு 1 செ.மீ. வேகத்தை மாற்றினாலே பத்து ஆண்டில் 3,000 கி.மீ.க்கு மேல் விலகிவிடும். பத்து மாதம்தான் இருக்கிறது என்றால் அதே வேலைக்குப் பல மடங்கு பெரிய உதை வேண்டும். பத்து நாள் என்றால் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான், மக்களை வெளியேற்றுவது. ஆகவே இந்தத் துறையில் ராக்கெட்டைவிடத் தொலைநோக்கிதான் முக்கியமான ஆயுதம். சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம், சுமார் பத்து மணி நேரப் பதிவிலேயே 2,000-க்கும் மேற்பட்ட புதிய சிறுகோள்களைக் காட்டியது. சூரியன் பக்கத்துக் குருட்டுப் பகுதிக்கு அதுவும் போதாது. கற்களின் வெப்பத்தைக் கொண்டு அவற்றைப் பார்க்கும் ‘நியோ சர்வேயர்’ விண்கலத்தை 2027-ல் ஏவ நாசா திட்டமிட்டுள்ளது. செல்யாபின்ஸ்க் போன்ற ஒன்று நாளைக் காலை வந்தால், இன்றைய நிலவரப்படி, அப்போதும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

2029, தமிழ்ப் புத்தாண்டு அதிகாலை

அபோஃபிஸ் வருகிறது. மோதாது, கடந்துதான் போகும். ஆனால் தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. தூரத்தில். நம் தொலைக்காட்சி செயற்கைக்கோள்கள் இருப்பது 36,000 கி.மீ. உயரத்தில்; அவற்றுக்கும் உள்ளே புகுந்து போகிறது. இவ்வளவு பெரிய கல் இவ்வளவு அருகே வருவது மிக அரிதாக நடப்பது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியாவில் இருப்பவர்கள் நட்சத்திரம் ஒன்று நகர்வதைப் போல வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மிக நெருங்கும் நேரம் இந்தியாவில் ஏப்ரல் 14 அதிகாலை 3.16 மணி.

பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை வளைக்கும், சுழற்சியை மாற்றும், ஒருவேளை அதன் மேற்பரப்பில் சரிவுகளையும் ஏற்படுத்தும். அதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காக, பென்னு சிறுகோளிலிருந்து மண் கொண்டுவந்த நாசா விண்கலம் ‘ஒசைரிஸ்-அபெக்ஸ்’ என்ற புதுப் பெயரோடு அபோஃபிஸை நோக்கித் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. அது போய்ச் சேருவது கடந்துபோன பிறகுதான். கடப்பதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் ‘ராம்சேஸ்’ திட்டம். அதற்கு 2028-க்குள் புறப்பட்டாக வேண்டும்.